வண்டியைப் படுத்துப் பார்த்து வாங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் வகை வண்டிகளை வாங்கும் ஆர்வம் நெல்லைச் சீமையில் பெருகிவருவது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அன்றாடம் அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் ஓட்டவும், விடுமுறையில் லடாக் வரை போய்வரவும் ஒரே வண்டி போதும் என்ற எண்ணத்தில் பலர் வாங்குவதாக அதில் கண்டிருந்தது. அந்த எண்ணத்தில் தவறில்லை. நானும் அப்படி நினைத்து வாங்கியவன்தான். ஆனால் விலையையும் தோற்றத்தையும் விரிவாகப் பேசிய கட்டுரை, வாங்கப்போகும் வண்டி இதற்கு முன் எங்கே நின்றது, எதில் இறங்கியது என்பதைத் தொடவே இல்லை. அதைக் கேட்காமல் வாங்கிப் பணத்தை இழந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான், 2024ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், கடலோர ஊர் ஒன்றில் பழைய வண்டி விற்கும் ஒருவரிடம் எட்டு ஆண்டு ஓடிய டீசல் வண்டி ஒன்றை வாங்கினேன். புதுப் பெயின்ட், புதுச் சீட் உறை, புதுத் தரைவிரிப்பு. உள்ளே மல்லிகை வாசனைக் குப்பி வேறு. இத்தனை புதுமையும் ஒருசேர இருப்பதே சந்தேகப்பட வேண்டிய விஷயம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஐப்பசி மழை பிடித்ததும் ஒருநாள் சேரன்மகாதேவி அருகே வண்டி தானாக நின்று, சற்று நேரம் கழித்துத் தானாகவே சரியானது. அடுத்த வாரம் முகப்பு மீட்டர்கள் அத்தனையும் ஒன்றாக அணைந்தன. பாளையங்கோட்டையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் தரைவிரிப்பை உரித்தபோது, இருக்கைத் தண்டவாளத்தின் அடியில் விரற்கடை உயரத்துக்கு வண்டல் காய்ந்து கிடந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணியும் கரை மீறிய அந்த நாள்களில், வண்டிகள் மூழ்கிக் கிடந்த படங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டவன் நான். அவற்றில் ஒன்றைப் பணம் கொடுத்து வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்திருக்கிறேன் என்று வெள்ளம் வடிந்து பத்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது. “அண்ணாச்சி, வண்டிய நின்னுக்கிட்டு பாக்காதிய, படுத்துப் பாருங்க” என்றார் மெக்கானிக்.

அவரிடம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், சுருளுக்குள்ளேயே இருந்த பகுதியில் சேற்றுக்கறை தென்படும். வண்டியைக் கழுவித் துடைப்பவர்கள் அதை முழுதாக இழுப்பதில்லை. டாஷ்போர்டுக்கு அடியில் வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு, முகப்பு விளக்குக்குள் நீர்க்கறை, இருக்கை போல்ட்டுகளின் தலையில் துரு ஆகியவையும் அதே கதையைச் சொல்லும். முன், பின் சக்கரங்களைத் தாங்கும் ஆக்சில்களின் ஆயில் பிளக்கைக் கழற்றி எண்ணெயை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். மோர் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத பழைய டீசல் எஞ்சின், நீருக்குள் ஓடி உடையாமல் இருந்தால், பிரித்துக் கழுவிப் பூட்டியபின் மறுபடி உழைக்கும். கணினி டீசலை அளந்து தெளிக்கும் காமன் ரயில் எஞ்சின் வந்த பிறகான வண்டிகளில் கணினிப் பெட்டியும் சென்சார்களும் நிறைந்திருப்பதால், அன்றைக்கு உலர்ந்ததுபோல் தோன்றினாலும் களிம்பு மெல்ல மெல்லப் பரவி, மாதங்கள் கழித்தே வேலையைக் காட்டும். எனக்கு நேர்ந்ததும் அதுதான். வெள்ளம் தொடாத வண்டியாக இருந்தாலும், உவரியிலோ தூத்துக்குடி உப்பளங்களிலோ ஓடியதென்றால் அடிச்சட்டமான சேஸிஸை நெடுகச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பது நல்லது. ணங்கென்று கேட்க வேண்டிய இரும்பு பொத்தென்று ஒலித்தால், அங்கே பெயின்டுக்குள் துருதான் இருக்கிறது.

அடுத்து, எதற்காக வாங்குகிறோம் என்ற கேள்வி. மாஞ்சோலைக்குப் போக ஃபோர் வீல் டிரைவ் வேண்டும் என்று சொல்லும் தம்பிமாரிடம், அந்தச் சாலையில் அரசுப் பேருந்து எத்தனையோ ஆண்டுகளாக ஏறி இறங்குவதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மணிமுத்தாறு சோதனைச் சாவடிக்கு மேலே இருப்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதிக்கும் சாலையை விட்டு அங்கே வண்டியை இறக்குவது குற்றம். நம் பக்கத்தில் நான்கு சக்கர இழுவை உண்மையிலேயே கைகொடுப்பது திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி எனும் செம்மணல் மேட்டுப் பாதைகளிலும், கயத்தாறுக்கு வடக்கே மழைக்காலக் கரிசலிலும்தான். அதிலும் மணலில் எடை குறைந்த வண்டியும் காற்றைக் குறைத்த டயரும் செய்கிற வேலையைக் குதிரைத்திறன் செய்வதில்லை. கரிசலோ நனைந்தால் டயரின் பள்ளங்களில் அப்பிச் சக்கரத்தை மொழுக்கிவிடும். அகலப் பள்ளமுள்ள டயர் இல்லையென்றால் இரண்டு சக்கரம் வீணாய்ச் சுழல்வதற்குப் பதில் நான்கும் சுழலும், அவ்வளவுதான். டயர் ஓரத்தில் பொறித்திருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு, அது தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். பள்ளம் நிறைய இருந்தும் பத்து ஆண்டு பழகிய டயரைப் பல வண்டிகளில் கண்டிருக்கிறேன்.

லடாக் பயணம் ஆண்டுக்கு இருபது நாள் என்றால், மீதி நாள்களில் வண்டி வண்ணார்பேட்டை நெரிசலிலும் டவுன் ரதவீதிகளிலும்தான் நிற்கப்போகிறது. இதை நினைத்துப் பார்க்கும்போது வண்டிகளின் வரிசை மாறிவிடுகிறது. 1985இல் வந்த மாருதி ஜிப்சி, ஒரு டன்னை ஒட்டிய எடையால் மணலிலும் மலையிலும் இன்றும் மதிக்கத்தக்கது. ஆனால் கமான் பட்டையின் குலுக்கலும், பெரும்பாலானவற்றில் ஏ.சி. இல்லாததும், பெட்ரோல் செலவும் சித்திரை வெயிலில் அன்றாடம் ஓட்டுபவரைச் சோர்வடையச் செய்யும். 2010இல் வந்த மகிந்திராவின் பழைய ‘தார்’ முரட்டு உழைப்பாளி. பின்னால் எதிரெதிராக அமைந்த பெஞ்சுகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. 2020இல் வந்த தார் ஓட்டச் சுகமானது என்றாலும், இரண்டே கதவு என்பதால் முழங்கால் வலியுள்ள என் தாயார் பின் இருக்கைக்கு ஏறுவது நடக்காத காரியம். ஏணிபோன்ற தனி அடிச்சட்டமும், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ கியரும் கொண்ட ஸ்கார்ப்பியோ, சஃபாரி ஆகியவற்றின் ஃபோர் வீல் டிரைவ் வகைகளே குடும்பஸ்தருக்கு ஏற்றவை என்பது என் கருத்து. நெடுஞ்சாலைப் பயணமே மிகுதி என்போருக்கு ரெனோ டஸ்டரின் ஆல் வீல் டிரைவ் வகை போதும். அதில் லோ கியர் கிடையாது. ஃபோர்டு எண்டவர் நல்ல வண்டிதான், ஆனால் அந்நிறுவனம் இந்தியச் சந்தைக்கான உற்பத்தியை 2021இல் நிறுத்திக்கொண்டது. மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றில் பழுதாகி நிற்கும்போது, அங்குள்ள மெக்கானிக்குக்குக் கைவந்த வண்டியாகவும் உதிரிபாகம் பக்கத்து ஊரிலேயே கிடைப்பதாகவும் இருப்பதுதான் பெரிய வசதி.

இவற்றில் பலவும் இரு சக்கர இழுவையாகவும் விற்கப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. 2023 ஜனவரி முதல் தாரிலும் அப்படி ஒரு வகை உண்டு. வெளித்தோற்றம் ஒன்றுபோலவே இருப்பதால், கியர்க் கம்பிக்கு அருகே இன்னொரு சிறு கம்பியோ ஃபோர் வீல் சுவிட்சோ இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. இருந்தால் மட்டும் போதாது. முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் டிஃப்ரன்ஷியல் நடுவில் இல்லாத இவ்வகை வண்டியை ஃபோர் வீலில் போட்டு, கெட்டித் தரையில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மிக மெதுவாக நகர்த்தினால், வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் முரண்ட வேண்டும். எந்தத் தடையும் இல்லாமல் சுகமாகத் திரும்பினால், முன் ஆக்சிலுக்கு இழுவை போகவே இல்லை என்று பொருள். இரண்டு மூன்று அடிக்கு மேல் இதைச் செய்யக் கூடாது. காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலில் ஓட்டித்தான் பலர், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸையே கெடுத்துவைத்திருக்கிறார்கள். லோ கியரை மணலில் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கணக்கில் தொடாத கம்பி துருவேறி அசையவே மறுக்கும் வண்டிகளும் உண்டு.

டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டு, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தபின், வடக்கத்திப் பதிவெண்ணோடு மலிவாக வண்டிகள் வரத் தொடங்கின. பழைய பதிவு அலுவலகம் தரும் 28ஆம் படிவத் தடையில்லாச் சான்று கையில் வரும் முன் முன்பணம் கொடுக்க வேண்டாம். தமிழ்நாட்டு வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். முன்பக்க இரும்புத் தடுப்பு 2017 டிசம்பரிலேயே தடைசெய்யப்பட்டது என்பதையும், அதை ஒரு சிறப்பாகச் சொல்லி விற்பவர்களை நம்பும் இளைஞர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

என் வண்டியை இன்னொருவர் தலையில் கட்ட மனம் வராமல், பதிவை ரத்துசெய்துவிட்டுக் காயலான் கடைக்கு அனுப்பினேன். காயல் மழையில் நனைந்தது காயலான் கடையில் முடிந்தது என்று வீட்டில் கேலி செய்தார்கள். அந்த அலைச்சலின்போதுதான், ஒரு வண்டி நிரந்தரமாகப் பயனற்றுப்போனால் உரிமையாளர் 14 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவு சொல்வதை அறிந்தேன். வெள்ளத்தில் மூழ்கி, முழு இழப்பு என்று காப்பீட்டுத் தொகை வழங்கப்பட்ட வண்டி பழுது பார்க்கப்பட்டு மீண்டும் சந்தைக்கு வரும்போது, அதன் ஆர்.சி.யில் மூழ்கியதற்கான குறிப்பு எதுவும் இருப்பதில்லை. வாங்குபவர் இப்போதைக்குச் செய்யக்கூடியது, பழைய பாலிசிகளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது. இழப்பீடு கோராதவருக்கு ஆண்டுதோறும் ஏறி 50 விழுக்காடு வரை போகும் கட்டணச் சலுகை, உரிமையாளர் மாறாமல் இருந்தும் 2024இல் திடீரென்று பூஜ்யமானால், காரணம் கேட்க வேண்டும்.

இழப்பீடு வழங்கும் காப்பீட்டு நிறுவனமே அதைப் போக்குவரத்துத் துறைக்கு அறிவித்து, வாகன விவரத்தை இணையத்தில் பார்க்கும் எவருக்கும் ‘நீரில் மூழ்கியது’ என்ற ஒரு வரி தெரியும்படி அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். 2023இல் நனைந்த வண்டிகள் பல இன்னும் நம் சாலையோர விற்பனைக் கொட்டகைகளில் பளபளப்பாக நின்றுகொண்டிருக்கக்கூடும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அம்பாசமுத்திரம்.