மாப்பிள்ளைக்கு வேலை போனால் விசாவும் போய்விடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டில் ஆட்குறைப்பு என்ற செய்தி வந்தாலே, திருமணம் முடிந்து விசாவுக்காகப் பெண் பிறந்த வீட்டில் காத்திருக்கும் டெல்டா மாவட்டக் குடும்பங்கள் கலங்கிப்போகின்றன. மாப்பிள்ளைக்கு வேலை இல்லையென்றால் மனைவியை அழைத்துக்கொள்ளவே முடியாது என்று அவர்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தக் கலக்கத்தில்தான் சில ஏஜென்டுகள் காசு பார்க்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர், மாப்பிள்ளை வேலையில் இருப்பதாகக் கடிதம் தயார் செய்து தருவதாகப் பெண்ணின் தகப்பனாரிடமே பேரம் பேசியிருக்கிறார். அந்தப் பொய்க் காகிதம் பிடிபட்டால், அமெரிக்க விசாவுக்கான தகுதியையே அந்தப் பெண் நிரந்தரமாக இழக்க நேரிடும்.

கனடாவைப் பொறுத்தவரை, மனைவியை மட்டும் ஸ்பான்சர் செய்பவருக்குக் குறைந்தபட்ச வருமான வரம்பு கிடையாது. ஊனம் தவிர்த்த வேறு காரணத்துக்காக அரசின் சமூக உதவித்தொகை பெறுபவராக அவர் இருக்கக் கூடாது; வேலையிழந்தோருக்கான காப்பீட்டுத் தொகை அந்தக் கணக்கில் சேராது. கியூபெக் மாகாணத்துக்கு மட்டும் தனி விதிகள் உண்டு.

அமெரிக்காவில் கணவர் குடியுரிமையோ கிரீன் கார்டோ பெற்றவராக இருந்தால், வருமானமே இல்லாவிட்டாலும் ஐ-864 என்னும் ஆதரவு உறுதிமொழியில் அவர் கையெழுத்திட்டாக வேண்டும். (எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவில் இருப்பவர் கதை முற்றிலும் வேறு.) இரண்டு பேர் உள்ள குடும்பத்துக்கு 2025ஆம் ஆண்டின் அளவுப்படி 26,437 டாலர் ஆண்டு வருமானம் காட்ட வேண்டியிருந்தது. அது குறைந்தால் சொத்தைக் காட்டலாம்: கணவர் குடிமகன் என்றால் குறையும் தொகையைப் போல் மூன்று மடங்கு, கிரீன் கார்டு மட்டும் உள்ளவர் என்றால் ஐந்து மடங்கு. மனைவியின் பெயரில் இங்குள்ள சொத்தையும் சேர்க்க இடமுண்டு. ஆனால் அது ஓராண்டுக்குள் பணமாக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கூட்டுப் பட்டாவில், பாகம் பிரியாமல், பெரியப்பா, சித்தப்பா கையெழுத்தின்றி விற்க முடியாத நஞ்சையை அந்தக் கணக்கில் எழுதிப் பயனில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் ஓடுவதற்கு முன்னால் பட்டாவில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இவை எதுவும் இல்லாதவருக்கு, அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனோ கிரீன் கார்டு பெற்றவரோ ஒருவர் கூட்டு ஸ்பான்சராக வரலாம். இங்கேதான் என் கவலை. கூட்டுறவு வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதுபோல, அங்கிருக்கும் ஒன்றுவிட்ட அண்ணனை உறவு முறைக்காகப் போடச் சொல்கிறோம். அந்தப் பெண் குடியுரிமை பெறும் வரையிலோ, ஏறத்தாழ பத்தாண்டு வேலைக்கணக்கு நிறையும் வரையிலோ அந்த அண்ணன் அவரை ஆதரிக்கும் உறுதிமொழிக்குச் சட்டப்படி கட்டுப்பட்டவர். நடுவில் விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு தீராது. இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது முறையல்ல.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆட்சியர் அலுவலகங்களில் இந்த விதிகளை நாடுவாரியாகத் தமிழில் விளக்கும் கையேட்டை அயலகத் தமிழர் நல வாரியம் வைக்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.