ரவையைக் கேட்கும் பிள்ளைக்கு என்ன பதில்?

தொடக்கப்பள்ளியில் அறிவியல் எடுக்கும் ஆசிரியர்களுக்கும், அவர்களுக்கான பாடநூலையும் வினாத்தாளையும் தயாரிப்பவர்களுக்கும்,

வணக்கம். எங்கள் வீட்டில் நான்காம் வகுப்புப் படிக்கிற பிள்ளை இருக்கிறாள். பொருள்களின் மூன்று நிலைகளை அவள் ஒப்பித்ததைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். திடப்பொருளுக்கு வடிவம் உண்டு, திரவம் பாத்திரத்தின் வடிவத்தைப் பெறும், வாயு எங்கும் பரவும். எடுத்துக்காட்டு கல், பால், காற்று. ஓர் எழுத்துப் பிசகவில்லை. அப்புறம் அடுப்படிக்கு வந்து, ரவையை டப்பாவில் கொட்டினால் அதுவும் டப்பாவின் வடிவத்துக்கு வருகிறதே, அப்படியென்றால் ரவை திரவமா என்கிறாள். மிஸ்ஸிடம் கேட்டாயா என்றால், அது பாடத்தில் இல்லை என்கிறாள்.

நான் கேட்பது ஒன்றுதான். பாடத்தை அந்த ரவையிலிருந்து தொடங்குங்கள். கல்லையும் பாலையும் பிரிக்கப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே தேவையில்லை, குழம்பும் இடத்தில்தான் ஆசிரியர் வேண்டும். ரவையை, கல்லுப்பை, சர்க்கரையை மேசையில் கொட்டச் சொல்லுங்கள். குவியலாக நிற்கும், தண்ணீர் அப்படி நிற்காது. ஓர் உப்புக்கல்லை மட்டும் எடுத்து எந்தக் கிண்ணத்தில் போட்டாலும் அதன் வடிவம் மாறாது. இவ்வளவையும் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள், நீங்கள் வரையறையைக் கொஞ்சம் தாமதமாகச் சொன்னால் போதும். பஞ்சும் துணியும் மடங்குகின்றனவே, அவை திடப்பொருளா என்று சண்டை வரும். வரட்டும். இட்லி மாவைக் கேட்பார்கள். அரிசி உளுந்துத் துகள், தண்ணீர், புளிக்கும்போது உண்டாகிற வாயுக் குமிழி மூன்றும் கலந்தது அது, ஒரே கட்டத்துக்குள் அடைக்க முடியாது என்று தயங்காமல் சொல்லலாம்.

நிலை மாறுவதற்குப் பனிக்கட்டியை மட்டுமே காட்டுவதால், மாறுவது தண்ணீருக்கு மட்டும் உள்ள குணம் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸில் உருகும். மதுரையில் சித்திரை மாதம் தண்ணீராக ஓடுகிற அதே எண்ணெய், ஊட்டியில் மார்கழிக் காலையில் விரலால் தோண்டி எடுக்க வேண்டிய கட்டி. எண்ணெய் அதேதான், வெப்பம்தான் வேறு. நம் பிள்ளைகள் தலையில் தினமும் தடவிக்கொள்கிற பொருளைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறு எங்கே கிடைக்கும்?

எல்லாவற்றையும்விடக் கடினமானது வாயு. இங்கேதான் பாடம் மிக அவசரமாக ஓடுகிறது என்று எனக்குக் கோபமே வருகிறது. சின்னப் பிள்ளைக்குக் காற்று என்றால் ஒன்றுமில்லாதது. காலி டம்ளர் என்றுதானே நாமே சொல்கிறோம்? காற்றும் ஒரு பொருள், அதற்கும் இடம் வேண்டும், எடை உண்டு என்பது மனதில் படியாவிட்டால் மூன்றாவது நிலை வெறும் சொல்தான். டம்ளரின் அடியில் காகிதத்தைக் கசக்கித் திணித்து, தலைகீழாக நேரே வாளித் தண்ணீருக்குள் அமுக்கி எடுங்கள், காகிதம் நனையாது. ஊசி இல்லாத புது சிரிஞ்சில் காற்றை இழுத்து, நுனியை விரலால் அடைத்து அழுத்தச் சொல்லுங்கள், உள்ளே போகும், விட்டால் திரும்பி வரும். தண்ணீரை நிரப்பி அதையே செய்தால் அசையாது. வாயுவுக்கும் திரவத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டைவிரலே சொல்லிவிடும். அப்புறம் இதையும் சொல்லுங்கள்: 20 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள வகுப்பறையில் இருக்கும் காற்றின் எடை ஏறக்குறைய 130 கிலோ.

கொதிக்கும் தண்ணீரில் எழும் குமிழிக்குள் என்ன இருக்கிறது? 1983-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆஸ்போர்ன், காஸ்குரோவ் என்ற இருவர் நியூசிலாந்து மாணவர்களிடம் இதைக் கேட்டார்கள். காற்று என்று சொன்னவர்கள் உண்டு, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று சொன்ன பெரிய மாணவர்களும் உண்டு. உள்ளே இருப்பது தண்ணீரேதான், வாயுவாக. அது கண்ணுக்குத் தெரியாது. கெட்டில் மூக்குக்குச் சற்றுத் தள்ளி வெள்ளையாகத் தெரிவது குளிர்ந்து மறுபடி துளியானது. இதை ஆசிரியர் மட்டும் செய்து, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திக் காட்ட வேண்டும். குளிர்ந்த டம்ளருக்கு வெளியே துளிர்ப்பது உள்ளிருந்து கசிந்த தண்ணீர் என்று நினைக்கும் பிள்ளைக்கு, டம்ளரில் ஐஸ் போட்ட ரோஸ்மில்க்கை ஊற்றிக் காட்டுங்கள். வெளியே துளிர்க்கும் நீரில் நிறமே இருக்காது.

பாடநூல் தயாரிப்பவர்களிடம் தனியாக ஒன்று. பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துகள்களால் ஆனவை என்று காட்டப் புள்ளிப் படம் போடுவதென்றால், திரவத்தின் துகள்களைத் திடத்துக்கும் வாயுவுக்கும் சரிபாதி இடைவெளியில் வரையாதீர்கள். திரவத்தில் துகள்கள் கிட்டத்தட்ட ஒட்டியே இருக்கின்றன, அதனால்தான் அந்த சிரிஞ்ச் அசையவில்லை. என்னைக் கேட்டால் இந்த வயதுக்குப் புள்ளிகளே வேண்டாம், ஆறாம் வகுப்புக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

நேரம் இல்லை, பாடப்பகுதியை முடிக்க வேண்டும் என்பீர்கள். புரிகிறது, ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளிகள் எத்தனையோ. அதனால்தான் வினாத்தாள் தயாரிப்பவர்களையும் சேர்த்துக் கேட்கிறேன். கேள்வி மாறினால் வகுப்பும் மாறும். அடுத்த பருவத் தேர்வில் ‘வகைப்படுத்துக’ என்பதற்குப் பதிலாக, ‘சர்க்கரை திடப்பொருளா, திரவமா? ஏன்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்த ‘ஏன்’ பகுதிக்குப் பாதிக்கு மேல் மதிப்பெண் கொடுங்கள்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்புப் பிள்ளையின் அம்மா