கோமாரி நோயை முதல் நாளிலேயே அடையாளம் காண நேரடிப் பயிற்சி வேண்டி மனு

பெறுநர்:
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்புத் துறை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கறவை மாடுகளை நம்பிப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. மாட்டின் வாயிலிருந்து எச்சில் நூல்போலத் தொங்கி, அது நொண்டவும் செய்தால், கோமாரி என்று எங்களில் யாரும் சொல்லிவிடுவோம். ஆனால் அந்த நிலைக்கு வருமுன், வெளியில் எதுவும் தெரியாத நாள்களிலேயே, பாலிலும் மூச்சிலும் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடுகிறது என்பதை நான் இழப்புக்குப் பிறகே அறிந்தேன்.

என் தொழுவத்தில் ஒரு மாடு மாலைக் கறவையில் பாதிப் பால்தான் கொடுத்தது. தீவனம் மாறியதால் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அது அசை போடவில்லை, வாயைச் சப்புக்கொட்டியது, பின்னங்கால்களை மாற்றி மாற்றி உதறியது. குளம்பில் ஏதோ குத்தியிருக்கும் என்று காலைக் கழுவிவிட்டு, அதே கையோடு மற்ற மாடுகளையும் கறந்தேன். அன்று மாலை வாயைத் திறந்து நாக்கைப் பிடித்தபோது, மேல்தோல் நனைந்த துணிபோல என் விரல்களோடு உரிந்து வந்தது. சில நாள்களில் தொழுவம் முழுவதும் படுத்துவிட்டது. ஒரு கொப்புளம்கூட இல்லாத இளங்கன்று, பால் குடித்துக்கொண்டிருந்தபோதே சாய்ந்து இறந்தது. இளங்கன்றுகளில் இந்த வைரஸ் இதயத் தசையைத் தாக்கக்கூடும் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

தகவல் கொடுத்தும், மாதிரி எடுக்க வந்தபோது ஒரு வாரம் கடந்து, புண்கள் ஆறத் தொடங்கியிருந்தன. உடையாத கொப்புளத்தின் நீரும், புதிதாக உடைந்த கொப்புளத்தின் தோலுமே வைரஸ் வகையை அறியச் சிறந்த மாதிரிகள். இந்நோய்க்கு 7 வகை வைரஸ்கள் உள்ளன. ஒரு வகைக்கான தடுப்பூசி மற்றொரு வகையிலிருந்து காக்காது. எனவே அந்த ஒரு வாரத் தாமதத்தால் வரும் கேடு என் தொழுவத்தோடு நிற்பதன்று.

ஆகவே, துண்டறிக்கையோடு நிறுத்தாமல், மாட்டின் வாயைத் திறந்து நாக்கு, ஈறு, மேல்தாடையின் பல்லில்லாத மேடு ஆகியவற்றையும், காலைத் தூக்கிக் குளம்பிடுக்கு, குளம்பும் தோலும் சேரும் விளிம்பு ஆகியவற்றையும், மடிக்காம்புகளையும் எப்படிப் பார்ப்பது என்று கால்நடை மருத்துவர் ஒருவர் எங்களுக்கு நேரில் செய்துகாட்ட ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். காய்ச்சல் 104 முதல் 106 டிகிரி பாரன்ஹீட் வரை ஏறக்கூடும் என்பதால் வெப்பமானி பிடிக்கவும் கற்றுத்தர வேண்டும். குளம்பழுகல் நோயில் வாய்ப்புண் வராது என்ற ஒரு வேறுபாடு தெரிந்திருந்தாலே அன்று காலை நான் ஏமாந்திருக்க மாட்டேன். தடுப்பூசி போட்ட மாட்டில் அறிகுறிகள் மிக லேசாக இருக்கக்கூடும் என்பதையும் சொல்லித்தர வேண்டும்.

பால் அளப்பவர்களுக்கு முதலில் இப்பயிற்சி தருவது நல்லது என்பது என் கருத்து. பால் குறைவது அவர்கள் கண்ணில்தான் முதலில் படும். வீடு வீடாகச் செல்வதால் நோயைக் கடத்தும் வாய்ப்பும் அவர்களுக்கே அதிகம். சந்தேகம் எழுந்ததும் தகவல் தர ஒரு தொலைபேசி எண்ணை ஒதுக்கி, 24 மணி நேரத்துக்குள் மாதிரி எடுக்க உத்தரவிடுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கறவை மாடு வளர்ப்போர் சார்பில் ஒரு விவசாயி