குற்றமும் சூழலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குற்றச் செய்தி வரும்போதெல்லாம் ‘வளர்ப்பு சரியில்லை’, ‘அந்தக் கூட்டமே அப்படித்தான்’ என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம். சிகாகோ நகரின் சிறார் நீதிமன்றப் பதிவுகளை ஆராய்ந்த கிளிஃபோர்ட் ஷா, ஹென்றி மெக்கே ஆகிய இருவரும் 1942-இல் வெளியிட்ட முடிவுகள் இதை மறுக்கின்றன. குடியேறிய இனத்தவர் மாறி மாறி வந்துபோனபோதும், வறுமையும் ஓயாத இடப்பெயர்வும் மிகுந்த அதே பகுதிகளில்தான் இளையோர் குற்றம் தொடர்ந்து அதிகமாக இருந்தது. அங்கிருந்து நல்ல பகுதிகளுக்குப் பெயர்ந்த இனத்தவரிடையே அது குறைந்தது.

எல்லோருக்கும் ஒரே வெற்றிக் கனவைக் காட்டிவிட்டு, அதற்கான நேர்வழியைச் சிலருக்கு மட்டும் திறந்துவைக்கும் சமூகமே விதிமீறலைத் தூண்டுகிறது என்றார் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் (1938). வறுமை மட்டுமே காரணமென்றால், வசதி படைத்த நிறுவன அதிகாரிகளின் மோசடிகளை எப்படி விளக்குவது? குற்றம் நெருங்கிப் பழகுவோரிடம் கற்றுக்கொள்ளப்படுவது என்று வாதிட்ட அமெரிக்கக் குற்றவியல் அறிஞர் எட்வின் சதர்லாந்து, 1939-இல் இதைத்தான் கேட்டார். ஏழைகளில் மிகப் பெரும்பாலோர் நேர்மையாகவே வாழ்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இவ்விளக்கங்கள் குற்றம் செய்தவரின் பொறுப்பைத் தள்ளுபடி செய்வதில்லை. ஆனால், முதல்முறை பிடிபடும் சிறுவன்மீது ‘குற்றவாளி’ என்ற முத்திரையைக் குத்துவது அவனை மீண்டும் குற்றத்திலேயே தள்ளக்கூடும் என்பதால், அவன் பெயரையும் படத்தையும் வெளியிடாத நெறியைத் தங்கள் நாளிதழ் உறுதியாகக் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்