பட்டாளத்துக்காரருக்கு ஜாகா வேலைதானா?

சுங்கை சிப்புட் (பேராக், மலேசியா) வட்டார முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமாருக்கு வணக்கம்.

கடை, தொழிற்சாலை, லாரி, தோட்டம் என்று இந்த வட்டாரத்தில் நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன், முன்னாள் பட்டாளத்துக்காரர்களுக்கு நீங்கள் கொடுக்கும் ஜாகா வேலையை, அதாவது காவல்கார வேலையைப் பற்றி. மேலிடங்களுக்கு எழுதிய கடிதங்கள் வீட்டில் ஒரு ஃபைல் நிறைய இருக்கின்றன. அது வேறு கதை.

என் அப்பா மலேசியப் பட்டாளத்தின் ரெஞ்சர் படையில் 13 ஆண்டுகள் இருந்தவர். மலாய் ரெஜிமெண்டில் மலாய்க்காரர்கள் மட்டும்தான் சேரலாம். ரெஞ்சரில் எல்லா இனத்தவருக்கும் இடம் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அந்த வழியாகத்தான் சீருடை போட்டார்கள். 1948 ஜூன் 16 அன்று நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமாரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றதும், அதையொட்டி வந்த அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்ததும் பள்ளியில் படித்திருப்பீர்கள். 1968-இல் கம்யூனிஸ்டுகளோடு சண்டை மறுபடி கிளம்பி, 1989 டிசம்பர் 2 ஹட்யாய் சமாதான ஒப்பந்தம் வரை ஓயவில்லை. அப்பா போனது இந்த இரண்டாவது சண்டைக்கு, கிரிக் பக்கத்துக் காடுகளுக்கு. இதைப் பற்றி நம் ஊரில் யாரும் அதிகம் பேசிக் கேட்டதில்லை.

அந்தக் காட்டில் 'ஜெராங்காப் சாமார்' இருக்கும். சருகுக்கு அடியில் மறைத்து வைத்த வெடி. மிதித்தால் கால் போய்விடும். முன்னால் போகிறவர் மிதித்த தடத்திலேயே மிதித்து நடக்க வேண்டும்.

1983-இல் அப்பா திரும்பி வந்தார். தோட்டத்தில் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போட்டார்கள். விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, முழங்கால் உயரப் புல்லிலும் கொடியிலும் மரத்துக்கு மரம் போகிற வேலை. அப்பாவால் முடியவில்லை. தார் ரோட்டை விட்டு இறங்காமல் நின்றுவிடுவார். வேலையை மேய்க்கும் மண்டோர் அவரைச் சோம்பேறி என்றார். பட்டாளத்தில் சோறு வடித்திருப்பான் என்று லயத்தில் சிரித்தவர்களும் உண்டு. தான் முன்னால் நடந்தால் அவர் பின்னாலேயே வருகிறார் என்பதை அம்மாதான் கண்டுபிடித்தார். இரண்டு மாதம் அம்மா விளக்கோடு முன்னால் போக, அம்மா மிதித்த இடத்தில் மிதித்து அப்பா மரம் வெட்டினார். அம்மாவின் மரங்கள் அப்புறம்தான். சம்பளம் குறைந்தது. ஒருநாள் அப்பாவே கத்தியைக் கொண்டுபோய் ஸ்டோரில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

வியட்நாம் போய் வந்தவர்களின் நிலையைப் பார்த்து, அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980-இல்தான் சண்டைக்குப் பிறகும் விடாத இந்தப் பயத்துக்கு ஒரு நோய்ப்பெயர் கொடுத்துத் தங்கள் பட்டியலில் சேர்த்தார்கள். மூன்று வருடத்தில் அந்தப் பெயர் எங்கள் லயத்துக்கு எப்படி வந்து சேரும்? எங்களுக்குத் தெரிந்தது காத்து கருப்பு. பூசாரி தாயத்து கட்டினார்.

பென்சன் வேண்டுமென்றால் 21 ஆண்டுகள் முடித்திருக்க வேண்டும். அப்பாவுக்கு இல்லை. அதனால் ஜாகா வேலைக்குப் போனார்.

இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். முன்னாள் பட்டாளம் என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது ஜாகா வேலைதான். நல்ல மனசோடுதான் கொடுக்கிறீர்கள், தெரியும். ஆனால் அது என்ன வேலை? இரவெல்லாம் விழித்திருந்து, இருட்டையே பார்த்துக்கொண்டு, சின்னச் சத்தத்துக்கும் காது கொடுத்துத் தனியாக உட்கார்ந்திருப்பது. காட்டில் பார்த்த காவலும் அதேதான். அதிலிருந்து வெளியே வரத் தெரியாமல் தவிக்கிறவரை அதற்குள்ளேயே உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்கிறோம். அப்பா காவல் காத்த ஓர் இடத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை. இரவில் காய்ந்த மட்டை ஒன்று தொப்பென்று விழுந்திருக்கிறது. காலையில் ஆள் மாற்ற வந்தவர் அப்பாவை மேசைக்கு அடியில்தான் பார்த்தார். குடித்திருந்தார் என்று எழுதி வேலையை விட்டு நிறுத்தினார்கள். அப்பா குடிப்பவர்தான், மறைக்கவில்லை. அன்று குடிக்கவில்லை.

நடுவில் ஒரு மூன்று வருடம் மட்டும் வேறு மாதிரி போனது. அப்பா படையில் சிக்னல் பிரிவில் வானொலிக் கருவி பார்த்தவர். பசாரில் மின்சாமான் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே (முதலாளி) ஒருவர் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, காற்றாடியும் ரேடியோவும் பழுது பார்க்கக் கூப்பிட்டார். பகல் வேலை, சுற்றிலும் ஆட்கள், பத்து மணிக்குத் தே தாரிக் டீ. அந்த மூன்று வருடத்தில் அப்பா இரவில் அலறி எழுந்ததாக எனக்கு நினைவில்லை. கடையை மூடினார்கள், மறுபடி ஜாகா.

அப்பாவுக்கு இப்போது வேலை செய்யும் வயதில்லை. ஜூலை 31, வீரர் தினம் வந்தால் யாராவது பொன்னாடை போர்த்துகிறார்கள். வாங்கி மடித்து வைக்கிறார். நான் கேட்பது இளையவர்களுக்காக. 1993-இல் சோமாலியா போனவர்கள், 2007-க்குப் பிறகு லெபனான் போனவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். அடுத்த முறை ஒருவர் வந்து வேலை கேட்டால், ஜாகா சட்டையின் அளவைக் கேட்பதற்கு முன் படையில் என்ன வேலை பார்த்தார் என்று கேளுங்கள். லாரி ஓட்டியிருப்பார், இன்ஜின் பிரித்திருப்பார், ஸ்டோர் கணக்கு எழுதியிருப்பார், காயத்துக்குக் கட்டுப் போட்டிருப்பார்.

எங்கள் வரிசையில் நாலாவது வீட்டுக்காரர் லெபனான் போய் வந்தவர். கனரக லாரி லைசென்ஸ் இருக்கிறது. இப்போது ஒரு கிடங்கில் இரவு ஜாகா. பகல் வேலை ஏதாவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள். எட்டு மணிக்கு வரச் சொன்னால் ஏழரைக்கே வந்து நிற்பார்.

இப்படிக்கு,
ஒரு ரெஞ்சரின் மகள்