கொரியா, பிலிப்பைன்ஸ்: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பா,

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நீங்கள் போட்டதைப் பார்த்தேன். கொரியாக்காரன் உழைத்து முன்னேறினான், பிலிப்பைன்ஸ்காரன் கரோக்கே பாடிக்கொண்டே இருந்துவிட்டான் என்று. அங்கே பதில் எழுதினால் அத்தைகள் எல்லாம் சேர்ந்து கும்பிடு ஸ்டிக்கர் போட்டுப் பேச்சை முடித்துவிடுவார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன். இத்தனை வருஷம் கப்பலில் பிலிப்பைன்ஸ்காரர்களோடு வேலை பார்த்தவர் நீங்கள். அவர்கள் சோம்பேறிகள் என்று மனசறிந்து சொல்ல முடியுமா?

1960 வாக்கில் தனிநபர் வருமானத்தில் பிலிப்பைன்ஸ்தான் தென்கொரியாவுக்கு முன்னால் இருந்தது. இரண்டு தலைமுறைக்குள் ஒரு ஜனத்தின் ரத்தம் மாறிவிடாது. நிலம் யார் கையில் இருந்தது, சட்டம் யார் கையில் இருந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பது என் கட்சி.

1945-ல் ஜப்பான்காரன் வெளியேறியபோது கொரிய விவசாயிகளில் பெரும்பாலோர் குத்தகைக்காரர்கள்தான், விளைச்சலில் பாதியைப் பண்ணையாருக்கு வாரமாக (குத்தகைப் பங்காக) அளந்தவர்கள். 1946-ல் வடக்கே கம்யூனிஸ்டுகள் பண்ணையார் நிலத்தைப் பிடுங்கிச் சும்மாவே பிரித்துக் கொடுத்தார்கள். தெற்கே ஆட்சியில் இருந்தவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. 1949-ல் சட்டம் போட்டு 1950-ல் திருத்தினார்கள்: ஏறக்குறைய 3 ஹெக்டேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, மிச்சம் உழுகிறவனுக்கு. விலை என்ன தெரியுமா? ஒரு வருஷ விளைச்சலைப் போல ஒன்றரை மடங்கு, அதையும் வருஷத்துக்கு 30 சதவீதமாக ஐந்து வருஷத்தில் கட்டினால் போதும். அதாவது நேற்றுவரை பாதியைக் கொடுத்துக்கொண்டிருந்தவன் இன்று அதைவிடக் குறைவாகக் கட்டி, ஐந்தாம் வருஷம் நிலத்துக்குச் சொந்தக்காரன். பண்ணையாருக்குக் கிடைத்த கடன் பத்திரம் கொரியப் போர்க்கால விலைவாசியில் காகிதமாகிப் போனது.

நல்ல மனசால் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இதற்கு அடித்தளம் போட்ட முதல் விவசாய அமைச்சர் சோ போங்-ஆம் பழைய கம்யூனிஸ்ட். 1959-ல் உளவாளி என்று சொல்லி அவரையே தூக்கில் போட்டார்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம் நிரபராதி என்றது, போன உயிர் போனதுதான். ஆனால் காரியம் நடந்துவிட்டது. வாரம் அளக்க வேண்டாத விவசாயி மாட்டை விற்றுக்கூடப் பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்பினான். அப்புறம் வந்த அரசு தொழிற்சாலைப் பக்கம் திரும்பியபோது, குறுக்கே படுக்கப் பலமுள்ள பண்ணையார் கூட்டம் அங்கே மிச்சமில்லை.

இப்போது பிலிப்பைன்ஸுக்கு வாருங்கள். தர்லாக் மாகாணத்தில் லுயிசிதா என்று 6,000 ஹெக்டேருக்கு மேல் ஒரு கரும்புப் பண்ணை. 1957-ல் கோஹுவாங்கோ குடும்பம் அதை அரசு நிதியிலிருந்து கடன் வாங்கித்தான் வாங்கியது, பிற்பாடு சிறு விவசாயிகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. தரவில்லை. 1988-ல் நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட ஜனாதிபதி கொராசோன் அக்கினோ அதே குடும்பத்துப் பெண். அந்தச் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது: நிலத்துக்குப் பதில் கம்பெனிப் பங்கு கொடுக்கலாம். அந்தப் பங்கும் உடனே கைக்கு வராது, 30 வருஷத்தில், எத்தனை நாள் வேலை பார்த்தாயோ அந்தக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். எத்தனை நாள் வேலை தருவது என்று முடிவுசெய்வது நிர்வாகம்! 2004 நவம்பர் 16-ல் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு, ஏழு பேர் செத்தார்கள். நிலத்தைப் பிரித்துக் கொடு என்று உச்ச நீதிமன்றம் இறுதியாகச் சொன்னது 2012-ல். கொரியாவில் இதே வேலை நடந்து முடிந்து அறுபது வருஷம் ஆகியிருந்தது.

இன்னொன்று. 1987-ல் வந்த அவர்கள் அரசியலமைப்பு, 'சட்டம் வரையறுக்கிறபடி' குடும்ப ஆட்சிக்குத் தடை என்கிறது. வரையறுக்க வேண்டிய நாடாளுமன்றத்தில் நிறைந்திருப்பதே அந்தக் குடும்பங்கள்தான், முப்பது வருஷம் தாண்டியும் அந்தச் சட்டம் வரவில்லை.

சரி, நீங்கள் அடுத்து என்ன சொல்வீர்கள் என்று தெரியும்: தென்கொரியாவை ஆண்ட ராணுவத் தளபதி பார்க் சுங்-ஹீ மாதிரி ஒரு கண்டிப்பான ஆள் வேண்டும். பிலிப்பைன்ஸ் ஜனாதிபதியாக இருந்த மார்கோஸ் கண்டிப்பில் குறைந்தவரா என்ன? இருவருமே 1972-ல்தான் ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மார்கோஸும் அந்த வருஷமே நிலச் சீர்திருத்த ஆணை போட்டார், நெல்லும் மக்காச்சோளமும் விளையும் குத்தகை நிலத்துக்கு மட்டும். கரும்பையும் தென்னையையும் தொடவில்லை, பெரிய பண்ணைகள் இருந்தது அங்கேதான். பார்க் ஆட்சிக்கு வந்தபோது அந்தச் சண்டையை அவர் போட வேண்டியிருக்கவே இல்லை, அவருக்கு முன்னாலேயே முடிந்திருந்தது. அமெரிக்க உதவி, ஏற்றுமதி எல்லாம் கொரியாவுக்குக் கைகொடுத்தது உண்மைதான், ஆனால் அமெரிக்கா பிலிப்பைன்ஸிலும்தான் அரை நூற்றாண்டுக்கு மேல் காலூன்றியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன், திட்டுவதாக இருந்தால் அப்போது திட்டுங்கள். சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்