2025 ஆண்டறிக்கை: மேடையை விட்டு வந்த கிட்டார் கலைஞர்களுக்கான பணிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அன்பான அங்கத்தவர்களே,

வணக்கம். 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைச் சபையின் முன் வைக்கிறேன். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார் என்பதால் பண விடயம் எதுவும் இதில் இல்லை.

முதலில் அஞ்சலி. பிரித்தானிய ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சபாத்தின் மூல உறுப்பினர் நால்வரும் ஜூலை 5ஆம் திகதி பர்மிங்ஹாம் வில்லா பார்க் மைதானத்தில் கடைசித் தடவையாக ஒன்றாக மேடையேறினார்கள். பதினேழு நாள் கழித்து, 22ஆம் திகதி, அதன் பாடகர் ஒஸி ஒஸ்போர்ன் 76ஆவது வயதில் காலமானார். அமெரிக்க மெட்டல் குழுவான மாஸ்டடோனிலிருந்து மார்ச்சில் பிரிந்த கிட்டார் கலைஞர் பிரென்ட் ஹைண்ட்ஸ் ஓகஸ்ட் 20இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். கிஸ் குழுவின் முதல் கிட்டார் கலைஞர் ஏஸ் ஃப்ரேலி ஒக்டோபர் 16இல் மறைந்தார். இவர்களுக்காகச் சபை எழுந்து நின்று மௌனம் காக்குமாறு வேண்டுகிறேன்.

இசைக்குழு கலைந்த பிறகு ஒரு ஹெவி மெட்டல் கிட்டார் கலைஞருக்கு எஞ்சுவது கையும் காதும் கருவியும் ஒரு பெட்டி கசெட்டும்தான். கைக்கு வைத்தியர் இருக்கிறார், கருவிக்குத் திருத்துபவர் இருக்கிறார். கசெட்டைக் கவனிக்கத்தான் ஆளில்லை. கொழும்பில் 1990களில் வாசித்த குழுக்களில் விர்ல்விண்ட், ஸ்டிக்மாட்டா போன்று ஒலிப்பதிவு வெளியிட்டவை சில. மற்றப் பலருடைய பாடல்கள் ஒத்திகை அறையின் நடுவில் ரெக்கோடரை வைத்துப் பதிந்த சி-60, சி-90 (60, 90 நிமிட) கசெட்டுகளில் மட்டுமே இருக்கின்றன. அவை அலுமாரியின் மேல் தட்டில், கடற்காற்று வீசும் பக்கத்தில் கிடக்கின்றன. ஆகவே இவ்வாண்டு சங்கத்தின் நேரத்தில் பெரும் பங்கைக் கசெட்டுகளுக்கே கொடுத்தோம். அது சரியான முடிவு என்றே நிர்வாகக் குழு உறுதியாக நினைக்கிறது.

வந்த கசெட்டுகளில் அதிகம் கண்ட பழுது பூஞ்சணம். சிறிய கண்ணாடிச் சாளரம் வழியாகப் பார்த்தால் நாடாச் சுற்றின் விளிம்பில் வெள்ளைப் பொடி போலத் தெரியும். அதை அப்படியே கசெட் ஓட்டும் டெக்கில் போட்டு ஓட்டிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பூஞ்சணம் வாசிக்கும் தலையில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கசெட்டுக்கும் தொற்றும். முதலில் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு சில நாட்கள் வைத்துக் காயவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சணம் நாடா முழுவதும் பூசப்படும். காய்ந்தபின் பொடியாக உதிரும். பிறகு முகக்கவசம் அணிந்து, வெளி விறாந்தையில், நூல் உதிராத துணிக்கு இடையே நாடாவைக் கையால் மெதுவாகச் சுற்றி எடுக்க வேண்டும். ஒரு சி-90 நாடாவுக்குப் பொறுமையுள்ள ஒருவரின் முழு மாலைப்பொழுது போய்விடும்.

இரண்டாவது பழுது, கசெட் வாயின் நடுவில் செப்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் சிறிய கம்பளித் துண்டு. பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் நாடா தலையில் அழுந்தாது. சத்தம் வரும், ஆனால் சிம்பல் ஒலியும் கிட்டாரின் கூர்மையும் போய்விடும். ‘நாடா தேய்ந்துவிட்டது’ என்று கைவிடப்பட்ட கசெட்டுகள் பலவற்றின் உண்மையான நோய் இதுதான். ஐந்து திருகாணி உள்ள வேறொரு கசெட்டின் கூட்டுக்குள் நாடாவை மாற்றினால் சரியாகிவிடும். கசெட்டை மேசையில் கிடையாக வைத்து, மேல் பாதியை மட்டும் நேராகத் தூக்க வேண்டும். சாய்த்தால் சுற்று நழுவி, நாடா இடியப்பம் போலச் சிக்கிக்கொள்ளும். அறுந்த இடத்தை ஒட்டுவதற்கு 3.81 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒட்டுநாடாதான் வேண்டும். சாதாரண செலோடேப்பின் பசை வெப்பத்தில் கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிவிடும்.

ஓட்டும் முன் டெக்கின் தலையையும் இறப்பர் உருளையையும் ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைக்கிறோம். அதன்பின் தலையின் பக்கத்திலுள்ள சிறு திருகாணியால் சாய்வைச் சரிபார்க்கிறோம்: இரு பக்க ஒலியையும் ஒன்றாகக் கலந்து கேட்டபடி, மேற்சுரம் மிகத் தெளிவாக வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். பதிந்த ரெக்கோடரின் தலை எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வு இங்கும் வேண்டும் என்பதால் ஒவ்வொரு கசெட்டுக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும். ஒத்திகை அறை ரெக்கோடர்களில் பொதுவாக நாடா இரைச்சலைக் குறைக்கும் டொல்பி வசதி இருந்ததில்லை. அப்படிப் பதிந்ததை டொல்பி போட்டு ஓட்டினால் சிம்பல் அமுங்கிவிடும். 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸில் பதிகிறோம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 35 மெகாபைட், ஒரு சி-90க்கு 3.1 கிகாபைட் பிடிக்கும். மூலப்பிரதியில் இரைச்சலை நீக்குவதில்லை. அதை யாரும் எப்போதும் பிரதியெடுத்துச் செய்துகொள்ளலாம். ஒரு பிரதி சங்கத்தில், மற்றொன்று இன்னொரு வீட்டில்.

நினைவுகளைப் பதியும் வேலையும் கசெட்டோடு சேர்ந்தே நடந்தது. மூத்த கலைஞரிடம் ‘பழைய கதை சொல்லுங்கள் அண்ணை’ என்று தொடங்கினால் எல்லோரிடமும் ஒரே கதைதான் வருகிறது. சுத்தம் செய்த நாடாவை முதலில் ஓடவிட்டு, கையில் கிட்டாரைக் கொடுத்துவிட்டுக் கேட்டால் கை முதலில் பேசுகிறது: எந்த ரிஃப்பை எந்தத் தந்தியில் வாசித்தார், எங்கே உள்ளங்கையால் அமுக்கினார் என்பதெல்லாம் தானாக வருகிறது. ஆட்களின் பெயரும் மண்டபமும் அதற்குப் பின்தான் வருகின்றன. இந்த ஒழுங்கை இனி எல்லாப் பதிவிலும் பின்பற்றுவோம்.

சுருதி பற்றிய வாக்குவாதம் அடிக்கடி வந்தது. ‘நாங்கள் ஈ ஃபிளாட்டில் வாசித்தோம்’ என்பார் ஒருவர், அதாவது வழக்கமான ஈ சுருதியிலிருந்து அரைச் சுரம் இறக்கி. நாடாவில் ஈக்கும் ஈ ஃபிளாட்டுக்கும் இடையே ஏதோ ஒன்று கேட்கும். ரெக்கோடரின் வேகம் பிசகியதே காரணம். இதற்குச் சாட்சி நாடாவிலேயே இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கிட்டார் ஒலியைப் பெருக்கும் அம்ப்பின் முனகல் 50லும் 100லும் பதிந்திருக்கும். பாட்டுகளுக்கு இடையிலான மௌனத்தில் அந்த முனகலை அளந்து அது 52 என்று வந்தால் நாடா 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது, அதாவது சுருதி அரைச் சுரத்தின் மூன்றில் இரண்டு பங்களவு உயர்ந்திருக்கிறது. வேகத்தை 50க்குக் குறைத்ததும் அவர் சொன்ன ஈ ஃபிளாட் அப்படியே வந்து நிற்கும். ஜெனரேட்டரில் நடந்த நிகழ்ச்சிகளுக்கு இந்த அளவுகோல் உதவாது. ஜெனரேட்டரின் ஹேர்ட்ஸ் சுமைக்கேற்ப ஏறி இறங்கும். மின்வெட்டுக் காலத்துப் பதிவு என்றால் அட்டையில் அதைக் குறித்து வையுங்கள்.

நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகி, கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை அறிவீர்கள். அங்கத்தவர்களுக்கு அப்போது தந்த அறிவுறுத்தலைப் பதிவுக்காக இங்கே சேர்க்கிறேன். நனைந்த கசெட்டை வெயிலில் வைக்கக்கூடாது, முடி உலர்த்தியும் பிடிக்கக்கூடாது, குளிர்சாதனப் பெட்டியில் உறையவும் விடக்கூடாது. சேறு காய்ந்தால் நாடாவில் உப்புத்தாளாகிவிடும். ஆகவே சுத்தம் செய்யக் கிடைக்கும் வரை சுத்தமான குளிர்ந்த நீரில் மூழ்கவிட்டு, இரண்டு மூன்று நாட்களுக்குள் கூட்டைத் திறந்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, மின்விசிறிக் காற்றில் ஆறவிட வேண்டும். நனைந்த வால்வு அம்ப்பைப் பொறுத்தவரை ஒரே சொல்: செருகக்கூடாது. திரான்ஸ்போமரின் உள்ளே உள்ள காகிதம் நீரை வாரக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். வெளியே காய்ந்திருப்பதை நம்பிச் செருகினால் சுருள் எரிந்துவிடும்.

அம்ப் திருத்தும் பயிற்சி சிறிதாகவே நடந்தது. உதாரணமாக எடுத்துக்கொண்டது மார்ஷல் ஜேசிஎம்800 2203: 100 வாற், நான்கு ஈஎல்34 வால்வு, மூன்று ஈசிசி83 வால்வு. பின்பலகையைத் திறக்கும் எவரும் முதலில் அறிய வேண்டியது, செருகியைக் கழற்றிய பிறகும் மின்னைத் தேக்கும் கொள்ளளவிகளில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம், அது உயிரைப் பறிக்கும் என்பது. தடையி வழியாக வடித்து, மீற்றரால் அளந்து, சுழியத்துக்கு அருகில் வந்த பின்பே கை வைக்க வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு அம்ப்பை உரக்க வாசித்தால் வெளியீட்டுத் திரான்ஸ்போமர் போய்விடும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ட் அம்ப்பை நம் 230 வோல்ட்டில் நேரே செருகிய பிழையை இவ்வாண்டும் கண்டோம். 100 வாற் அம்ப்புக்கு 500 விஏ இறக்கு திரான்ஸ்போமர் போதும். சிறியதை வாங்கிச் சூடேற்ற வேண்டாம்.

கிட்டார்களில் பெரிய சேதம் செய்தது ஒரு சிறிய 9 வோல்ட் பற்றரி. இஎம்ஜி 81, 85 போன்ற, பற்றரியில் இயங்கும் அக்டிவ் பிக்அப் (தந்தியின் அதிர்வை மின்னாக்கும் பாகம்) உள்ள கிட்டாரில் கேபிள் செருகும் துளையே ஆளியாக வேலை செய்கிறது. கேபிளைக் கழற்றாமல் வைத்தால் பற்றரி ஓடிக்கொண்டே இருக்கும். தீர்ந்த பற்றரியை வருடக்கணக்கில் உள்ளே விட்டால் கசிந்து இணைப்புகளைத் தின்றுவிடும். வாசிக்காமல் வைக்கும் கிட்டாரில் பற்றரி இருக்கவே கூடாது. இன்னொன்று: அக்டிவ் பிக்அப்புக்கு 25 கிலோ ஓம் பொற் (ஒலியளவுக் குமிழின் தடை), பற்றரி இல்லாத சாதாரண ஹம்பக்கர் பிக்அப்புக்கு 500. ஒன்றுக்கு மற்றதைப் போட்டுவிட்டு ‘பிக்அப் செத்துவிட்டது’ என்று வருபவர்கள் இருக்கிறார்கள்.

கை வலியால் வாசிப்பை நிறுத்தியவர்களுக்காக நடத்திய அமர்வு இவ்வாண்டின் மிகப் பயனுள்ள வேலை. பெருவிரல் அடி மூட்டுத் தேய்மானம், மணிக்கட்டு நரம்பு அழுத்தம், மடங்கிச் சிக்கும் விரல் என்பவற்றுக்கு வைத்தியரிடமே போக வேண்டும். கருவியில் நாம் செய்யக்கூடியது சுமையைக் குறைப்பது. 25.5 அங்குல நீளத்தில் 10-46 தந்திகளின் (எண்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில் தடிப்பைக் குறிக்கும்) மொத்த இழுவை ஏறத்தாழ 46 கிலோ. 9-42 போட்டால் 38 கிலோ. அதையும் அரைச் சுரம் இறக்கினால் 34 கிலோ. தந்தியை மாற்றினால் கழுத்தின் வளைவும் மாறும் என்பதால் ஏழாவது ஃபிரெட்டில் தந்திக்குக் கீழே வளைவின் இடைவெளி 0.2 மில்லிமீற்றர் அளவுக்கு வரும்வரை கழுத்தினுள் உள்ள உட்கம்பியைச் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் தந்தியை மட்டும் மாற்றியவர்கள்தான் ‘மெல்லிய தந்தி உறுமுகிறது’ என்று பழைய தந்திக்குத் திரும்பிப் போகிறார்கள்.

பிளாக் சபாத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி 17 வயதில் உலோகத் தொழிற்சாலையில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைக்காரர், தந்தியை அழுத்தும் கையே அது. பிளாஸ்டிக்கை உருக்கித் தோல் ஒட்டிய விரலுறைகளைத் தானே செய்தார், மெல்லிய தந்திக்கு மாறினார், பின்னர் சுருதியையும் இறக்கினார். இந்த இசையின் கனத்த ஒலிக்கு அதில் பெரிய பங்குண்டு. ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் கிட்டார் கலைஞர் கிளென் டிப்டன் தமக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதை 2018 பெப்ரவரியில் அறிவித்துச் சுற்றுப்பயணத்திலிருந்து விலகினார். ஆனாலும் முடிந்த இரவுகளில் கடைசிச் சில பாடல்களுக்கு மேடைக்கு வந்தார். மூன்று பாடல் வாசிக்க முடிந்தவருக்கு நம் கூடலில் மூன்று பாடல் இடம் உண்டு. முழு நிகழ்ச்சி வாசித்தால்தான் மேடை என்ற பழைய வழக்கத்தை நிர்வாகக் குழு இவ்வாண்டு நீக்கிவிட்டது.

காது பற்றிய அமர்வு நடைபெறவில்லை. இது இவ்வாண்டின் பெரிய குறை; பொறுப்பு நிர்வாகக் குழுவுடையது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 100இல் 15 நிமிடம், 110இல் ஒன்றரை நிமிடம் மட்டுமே. காதிரைச்சல் வந்தவருக்குத் திரும்பிப் போக வழியில்லை, இனியும் கெடாமல் காக்கத்தான் முடியும். ஒத்திகையில் பஞ்சு பயன்படாது. அது மேற்சுரத்தை மட்டும் வெட்டும், தாழ்ந்த அதிர்வை உள்ளே விடும். எல்லாச் சுரத்தையும் சமமாகக் குறைக்கும் 15 டெசிபல் காதடைப்பான்களை வரும் ஆண்டின் முதற் கூடலுக்கு முன் சங்கம் வாங்கித் தரவேண்டும் எனப் பிரேரிக்கிறேன்.

கசெட் வேலையிலும் இரண்டு தவறுகள் நடந்தன. அட்டையில் மட்டும் இலக்கமிட்டதால் இரு கலைஞர்களின் கசெட்டுகள் உறை மாறிவிட்டன. இப்போது கூட்டிலும் உறையிலும் ஒரே இலக்கம் எழுதுகிறோம். சுத்தம் செய்யாமல் அவசரப்பட்டு ஓட்டிய ஒரு நாடா இறப்பர் உருளையில் சுற்றிக் கசங்கி, ஒரு பாடலின் நடுப்பகுதி திரும்ப வராமலே போயிற்று. உரியவரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம்.

கசெட் கொண்டுவருபவர்கள் வீட்டில் ஓட்டிப் பார்க்காமல், முன்னும் பின்னும் சுற்றாமல், உள்ளபடியே கொண்டுவாருங்கள். ஸ்பீக்கர் பெட்டியின் மேலோ அருகிலோ வைக்காதீர்கள். அதன் காந்தம் பதிவை அழிக்கக்கூடும். குழுவில் யார் யார் வாசித்தார்கள், எந்த அறை, மின்சாரமா ஜெனரேட்டரா என்பதை ஒரு தாளில் எழுதிக் கூடவே தாருங்கள். வாசித்த மற்றவர் யாரும் இன்னும் கொழும்பில் இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள்.

செயலாளர்
வெள்ளவத்தை, கொழும்பு 06